ரெய்னம் ஓவலில் ரவியின் புதுக் கார்: எதிர்த்து வாக்குப் போடப் போன சனிக்கிழமை

ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை, லண்டனின் கிழக்கு விளிம்பில் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயத்துக்குப் போய் வந்தேன். பலர் போகக்கூடிய இடம் என்பதால் வழி, செலவு எல்லாம் எழுதுகிறேன். ஆனால் நான் போன காரணம் வேறு. ஒரு காருக்கு எதிராக வாக்குப் போடப் போனேன். அந்தக் காரைச் செய்தவனும் ஓட்டுகிறவனும் ஒரே ஆள். பெயர் ரவி. ஒரு காலத்தில் என் நண்பன்.

தெரியாதவர்களுக்கு: இது தொலைக்காட்சியில் வரும் பளபளப்பான பந்தயம் அல்ல. நானூறு மீட்டர் சுற்றளவில் முட்டை வடிவத் தார்ப் பாதை. அதில் ஒரே நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள். எல்லாம் வீட்டுக்குப் பின்னாலும் கராஜிலும் செய்தவை. முன்னும் பின்னும் கனத்த இரும்புப் பம்பர். முன்னால் போகிறவனை இடித்து ஒதுக்கிவிட்டுப் போவது இங்கே குற்றம் அல்ல, திறமை. கார்களின் உடம்பு நாற்பது வருடமாக ஒரே மாதிரித்தான்: தட்டையான தகரத்தை மடித்து ஒட்டிய பெட்டி. இந்த வருடம் ரவி அந்தப் பெட்டியைக் கைவிட்டுப் புது உடம்பு செய்தான். தாழ்ந்த மூக்கு, வளைந்த தோள், ரேடியேட்டரைத் தூக்கி ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தது என்று எல்லாம் மாற்றம். நடத்துகிறவர்கள் அதை ஒரு பருவத்துக்கு மட்டும் பரீட்சார்த்தமாக அனுமதித்தார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். கடைசியில், வாங்குகிற பந்தய நிகழ்ச்சிநிரல் புத்தகத்தோடு ஒரு வாக்குச் சீட்டு தருவோம், பார்வையாளரே முடிவு செய்யட்டும் என்று அறிவித்தார்கள். 'இருக்கட்டும்' அல்லது 'பழையதே போதும்'. பின்னது வென்றால் ரவி அந்த உடம்பை வெட்டி எறிந்துவிட்டுப் பெட்டியைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

நானும் ரவியும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜ் வைத்திருந்தோம். பதினொரு வருடங்களுக்கு முன்னால் என் அம்மா இங்கேதான் காலமானார். சனிக்கிழமை செத்தவீடு. ஊரில் எங்கள் வீட்டுக் குசினியில் என்னைவிட அதிகம் சாப்பிட்டவன் ரவி. அவன் வரவில்லை. கார்ப் பந்தயத்துக்குப் போனான். திங்கட்கிழமை நான் கராஜ் சாவியைத் தபாலில் அனுப்பிவிட்டு லண்டனின் மேற்குக் கோடியில் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து, விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஓடும் பட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். பொறியியல் படித்தவனுக்கு அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை இங்கே விரிக்கவில்லை. என் மேலாளர் இதைப் படிக்கப் போவதில்லை, அவருக்கு எந்த மொழியிலும் படிக்கிற பழக்கம் இல்லை.

இந்த வருடம் மார்ச்சில் ரசிகர்களின் இணையத்தளம் ஒன்றில் ரவியின் புதுக் காரின் படத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து 'ஓல்ட் ஸ்பானர்' என்ற பெயரில் அந்தக் காரைக் கிழித்து எழுதி வந்தேன். ஆறு மாதம், பத்துக் குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கப்படம். காரை நேரில் பார்த்ததில்லை. அந்தப் பந்தயம் ஒன்றைக்கூட வாழ்நாளில் பார்த்ததில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

இனிப் பயணம். ஹவுன்ஸ்லோ சென்ட்ரலில் காலை 9.50க்கு ரயில் ஏறினேன். பிக்கடிலி பாதையில் பேரன்ஸ் கோர்ட் வரை போய், எதிர்ப் பக்கமே வந்து நிற்கும் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் மாறினால் நேராகப் பார்க்கிங். படிக்கட்டு ஏறி இறங்கும் வேலை இல்லை, முழங்கால் நோவுள்ளவர்கள் கவனிக்கவும். பார்க்கிங்கில் இறங்கியபோது 11.25. சனிக்கிழமைகளில் பாதை வேலை நடக்கும், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே எங்கள் ஆட்களின் கடையில் மீன் ரோல் இரண்டும் தேநீரும் 4 பவுண் 20. ரோல் சூடாக இருந்தது. அந்தக் கடைக்காரர் முன்பு எனக்கு மூன்று வருடம் சூடு ஆறிய ரோல் விற்றவர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

11.52 ரயிலில் ரெய்னத்துக்குப் பத்தே நிமிடம். வீட்டிலிருந்து அதுவரை கார்டில் வெட்டியது 5 பவுண் 80. ரெய்னம் ஸ்டேஷனில் பஸ், 1 பவுண் 75. பஸ் புறப்பட ஆறு நிமிடம் இருந்தது. ஓட்டுநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டுத் தமிழில் தொடங்கினார். நாற்பது வயதுக்காரர், வல்வெட்டித்துறைப் பக்கம்.

"அண்ணை, கார் அடிபடுற இடத்துக்கே போறியள்?"

ஆம் என்றேன்.

"அங்க எங்கட ஆள் ஒருத்தர் ஓடுறார், தெரியுமே? வெள்ளைக்காரரை இடிச்சுத் தள்ளுறார். இண்டைக்கு அவற்ரை காருக்கு வோட்டாம். நான் ஷிப்டில மாட்டுப்பட்டுப் போனன். நீங்கள் போடுறதை எனக்காகவும் போடுங்கோ."

என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. புத்தகத்தை நான் இணையத்தில் முன்கூட்டியே வாங்கியிருந்தேன். தபாலில் வந்த சீட்டில், டிஸ்ட்ரிக்ட் ரயில் டாகன்ஹாமுக்குப் போகாமல் பார்க்கிங்கோடு நின்றுவிடும் என்று அறிவித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே 'பழையதே போதும்' என்பதில் குறி போட்டுவிட்டேன். அதைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பதினாலு நிமிடப் பயணம். இறங்கும்போது, திரும்பி வரும் கடைசி நேரடி பஸ் 7.10க்கு என்று அவராகவே சொன்னார். நல்ல மனிதர்.

இறங்கிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நடை. இடது பக்கம் கிடங்குகள், வலது பக்கம் சதுப்பு நிலம், அதற்கு அப்பால் ஆறு. நடைபாதை பாதி வழியில் முடிந்துவிடுகிறது. லாரிகள் வரும், புல்லில் இறங்கி நடக்க வேண்டும். பாதி தூரத்திலேயே சத்தம் கேட்டது. முதலில் விமானம் என்று நினைத்தேன். ஹவுன்ஸ்லோக்காரனுக்கு எல்லாச் சத்தமும் விமானம்தான். பிறகு அது தரையிலிருந்து வருகிறது என்று செருப்பு வழியாகத் தெரிந்தது.

வாசலில் 22 பவுண். காது அடைப்பான் 1 பவுண் 50. அதைத் தவிர்த்துக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய இரும்புக் கொட்டகை போல ஒரே ஒரு பார்வையாளர் மேடை. நான் நடு வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயப் பெண். பெயர் மோரீன். அவருடைய கணவர் இருபது வருடம் இங்கே ஓட்டியவராம், இப்போது இல்லை. மடியில் பிளாஸ்க், பக்கத்தில் இன்னொரு மெத்தை. முதல் முறையா என்று கேட்டு, அந்த மெத்தையை எனக்குத் தந்தார். பதினொரு வருடத்தில் என் சொந்தக்காரர் எவரும் எனக்கு உட்காரத் தந்த எதையும்விட அது மெத்தென்றிருந்தது.

வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று கார்களின் கூரை நிறம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டேன். மோரீன் சொன்ன பதிலை நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். புதியவர்களுக்கும் அடிக்கடி தோற்பவர்களுக்கும் வெள்ளைக் கூரை, அவர்கள் முன்வரிசையில் தொடங்குவார்கள். வெல்ல வெல்ல நிறம் மாறும், வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும். மிகச் சிறந்தவர்களுக்குச் சிவப்பு. அவர்கள் எல்லோருக்கும் பின்னால் நின்று, இருபது கார்களுக்குள் வழி தேடி வர வேண்டும்.

நான் ஐம்பத்து நாலு வருடம் வாழ்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், வேலையில், கோயில் நிர்வாகத்தில், முன்னால் நிற்பவனை இன்னும் முன்னால் கொண்டுபோய் விடுகிற ஒழுங்கைத்தான் பார்த்திருக்கிறேன். நல்லா ஓடினாயா, சரி, இனிப் பின்னால் போய் நின்று திரும்பக் காட்டு என்று கேட்கிற ஓர் இடம், எரிபொருள் மணக்கும் இந்தச் சதுப்பு ஓரத்தில் இருக்கும் என்று எவர் நினைப்பார்?

ரவியின் கார் சிவப்புக் கூரையோடு கடைசி வரிசையில் வந்து நின்றது. அதைச் சுற்றியிருந்தவை எல்லாம் மோதிய அலுமாரிகள் போல இருந்தன. அது மட்டும் தரையோடு படுத்து, கழுத்தை நீட்டி, எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. மேடையில் உடனே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. பின்னால் இருந்த தொப்பிக்காரர் அது விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது போல இருக்கிறது என்றார். அவர் மனைவி, கடைசியாக ஒரு கார் கார் போல இருக்கிறது என்றார். கீழ் வரிசையில் ஒருவர், அழகு வேறு விஷயம், அந்த வளைந்த பக்கத்தில் இன்னொரு பம்பர் பட்டால் ஏறிக் கூரைக்குப் போய்விடும், அது பொறியியல் உண்மை என்று விரலை ஆட்டினார்.

அது என் ஏழாவது குற்றச்சாட்டு. சொல்லுக்குச் சொல். யார் சொன்னது என்று நான் கேட்டபோது, ஓல்ட் ஸ்பானர் என்று ஒருவர் எழுதுகிறார், பெரிய ஆள், விமானப் பொறியாளர் போல இருக்கிறது என்றார். பெட்டிப் பட்டிக்காரன் நான், குனிந்து உருளைக்கிழங்குப் பொரியல் தின்றேன். 5 பவுண், உப்புக் கூடிப்போயிருந்தது.

முதல் ஓட்டத்தில் ரவி இருபதாவது இடத்திலிருந்து ஏழாவதாக வந்தான். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? காதால் கேட்கும் சத்தம் அல்ல, நெஞ்செலும்பால் கேட்பது. இருபது இயந்திரங்கள் ஒன்றாகத் திருகப்படும்போது மேடையின் தகரம் முழுக்க நடுங்கியது, மோரீனின் தேநீரில் வட்டங்கள் எழுந்தன. கறுப்பு ரப்பர்த் துகள்கள் என் பொரியல் மேல் விழுந்தன. அவற்றோடுதான் சாப்பிட்டேன்.

3.50க்கு இறுதி ஓட்டம். இருபது சுற்று. ஒன்பதாவது சுற்றில் ரவி நீலக் கூரைகளுக்கு நடுவே இருந்தான். வளைவில் அவன் உள்பக்கமாக நுழைந்தபோது, இன்னொரு சிவப்புக் கூரைக்காரர் மூலையிலிருந்து நேராக வந்து அவன் பக்கத்தில் இடித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏறப் போகிறது. நான் எழுதியபடியே ஏறப் போகிறது. ஆறு மாதம் நான் வரைந்த படம் கண்முன் நடக்கப் போகிறது. என் வாயிலிருந்து வந்த சொல் "ரவி" என்பதுதான், அதுவும் பெரிதாக.

இடித்த கார் மேலே ஏறவில்லை. அந்த வளைந்த தோளுக்குக் கீழே, நான் பார்த்த படங்களில் இல்லாத ஒரு தட்டையான இரும்புப் பட்டை ஓடியது. மோத வந்த பம்பர் அதில் பொறி பறக்க வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. ரவியின் கார் ஒரு கணம் பின்பக்கத்தை ஆட்டியது, பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டது. அதன் பிறகு நான் பார்த்ததை எந்தக் குற்றச்சாட்டிலும் அடக்க முடியாது. மற்றக் கார்கள் வளைவில் மல்லுக்கட்டின. அது வளைவுக்குள் ஊற்றப்பட்டது போலப் போனது. ஒரு நீலம், ஒரு சிவப்பு, பிறகு இரண்டு மஞ்சள். பதினேழாவது சுற்றில் முன்னால் எவரும் இல்லை. என் வயதுடைய ஒரு மனிதன், முதுகு நோவுள்ளவன், பின்னால் நின்று தொடங்கி எல்லோரையும் தாண்டி வந்திருந்தான். என் கையில் இருந்த பொரியல் காகிதப் பை கசங்கிக் கிழிந்திருந்ததை மோரீன் காட்டியபோதுதான் கவனித்தேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன். ஓல்ட் ஸ்பானர் நான்தான், விமானப் பொறியாளர் அல்ல, எழுதியது பிழை, அதை நம்பிச் சீட்டில் குறி போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள் என்றேன். கீழ் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கேலியாகத்தான், ஆனால் சத்தமாக. மோரீன் சிரிக்கவில்லை. நீ எழுதியதை நான் படித்ததே இல்லை, என் கணவர் அந்தப் பெட்டிக்குள் இருபது வருடம் இருந்தார், எனக்கு அந்தப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். என் பத்துக் குற்றச்சாட்டுகளையும் ஒன்றாகக் கட்டினாலும் இந்த ஒன்றின் எடை வராது. 

என் சீட்டில் ஏற்கெனவே குறி இருந்தது. வெட்டித் திருத்திய சீட்டு செல்லாது என்று வாக்குப் பெட்டியருகே இருந்த பெண் சொன்னாள். ஆகவே இன்னொரு புத்தகம் வாங்கினேன், 3 பவுண். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, புதியதில் 'இருக்கட்டும்' போட்டேன். 4.40க்கு வாக்குப் பெட்டி மூடப்பட்டது.

ஓட்டம் முடிந்ததும் கார்கள் நிற்கும் இடத்துக்குள் எவரும் போகலாம், தனிக் கட்டணம் இல்லை. இந்தப் பந்தயத்தின் வழக்கம் அது. ஓட்டுநர்கள் வியர்வையோடு நின்று திட்டும் வாங்குவார்கள், பாராட்டும் வாங்குவார்கள். ரவியைச் சுற்றிப் பத்துப் பேர். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையுறையைக் கழற்றினான்.

"வா ஸ்பானர்," என்றான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"'பொறியியல் தெரிஞ்சவைக்கு இது விளங்கும்' எண்டு உலகத்தில வேற ஆர் எழுதுவான்? முதல் நாளே தெரியும். பத்துப் பிழை சொன்னனீ. எட்டு விசர்க் கதை. ரெண்டு சரி. பக்கத்துக்குப் பட்டை போட்டன். ரேடியேட்டர்ச் சூடு கழுத்தில அடிக்கும் எண்டாய், அதுக்கும் ஒரு குழாய் விட்டன். அந்தப் பட்டை இல்லாட்டி இண்டைக்கு நான் ஆஸ்பத்திரியில."

நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். சிவப்பு வண்ணம் உரிந்து நீளமாக ஒரு கீறல். அவனைக் கெடுக்க நான் எழுதிய வரி ஒன்று, இரும்பாகி அவன் விலாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. இதற்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆகவே பழையதைத் தொடங்கினேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு ஏன் வரவில்லை என்றேன்.

"அது பிழை, சிவம். அண்டைக்கே தெரியும்."

பதினொரு வருடமாக நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம், அவன் தன்னை நியாயப்படுத்துவான் என்பதற்கானவை.  பிறகேன் வந்து சொல்லவில்லை என்றேன்.

"நீ கதவைத் திறந்தாத்தானே சொல்ல ஏலும்."

இதை மேலே எழுதாமல் விட்டிருந்தேன். அவன் இரண்டு முறை ஹவுன்ஸ்லோவுக்கு வந்தான். நான் மேல் மாடியில் விளக்கை அணைத்துவிட்டு நின்றேன்.

5.30க்கு ஒலிபெருக்கியில் முடிவு வந்தது. எண்ணிக்கை சொல்லவில்லை, மிகக் குறைந்த வித்தியாசம் என்றார்கள். 'பழையதே போதும்' வென்றது. மேடையிலிருந்து கைதட்டலும் கூச்சலும் சம அளவில் எழுந்தன. ரவி குனிந்து, கீறிய பட்டையில் ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் சுரண்டினான். நான் எழுதியதால் எத்தனை சீட்டு விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருபோதும் தெரியப் போவதுமில்லை. எழுத்தில் மனுக் கொடுத்தால் அடுத்த பருவத் தொடக்கத்தில் திரும்பவும் வாக்குக் கேட்பார்கள், காரணங்களை ஒழுங்காக எழுத வேண்டும், எனக்கு எழுத வராது என்று சுரண்டிக்கொண்டே சொன்னான். நான் எழுதுகிறேன் என்றேன். சொந்தப் பெயரிலே எழுது என்றான்.

அம்மாவுக்கு அவன் செய்ததை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தக் காரை வெட்ட விட முடியாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாதம் இரண்டு சனிக்கிழமை, மார்ச் முதல் அக்டோபர் வரை, முதல் ஓட்டம் பிற்பகல் 2 மணிக்கு. ஹவுன்ஸ்லோவிலிருந்து கதவுக்குக் கதவு மூன்று மணி நேரம் வையுங்கள். போக வரப் பயணம், நுழைவு, சாப்பாடு, காது அடைப்பான், இரண்டாவது புத்தகம் உட்பட, முதல் புத்தகம் நீங்கலாக, எனக்கு ஆன செலவு 50 பவுண் 80. வெள்ளைச் சட்டை போடாதீர்கள். வளைவுக்கு எதிரே நடு வரிசையில் உட்காருங்கள். உட்காரும் முன்னால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், சில இருக்கைகள் சிலருடைய கணவருடையவை. ஓட்டம் முடிந்ததும் உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். காரைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இணையத்தளத்தில் என் முழுப் பெயரில் புதுக் கணக்குத் திறந்தேன். ஏன் அந்த உடம்பு இருக்க வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதினேன், ஓல்ட் ஸ்பானர் யார் என்றும் எழுதினேன். நாற்பது நிமிடத்தில் முதல் பதில் வந்தது. நீ யார், அந்தக் கார் ஓடுவதை எப்போதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டிருந்தார் ஒருவர்.

பார்த்திருக்கிறேன் என்று பதில் எழுதினேன்.